எது தெளிவோ அது

கோப்பையின் கைப்பிடி காலையில்தான் உடைந்தது. மாலையில், மூன்று வருடத்துக்கு முன் எடுத்த படத்தில், அது உடைந்தே இருந்தது.

அவள் படத்தை நிறுத்திவிட்டுச் சுவரின் அருகே போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த பெரிய மகளின் கையில் அதே நீலக் கோப்பை. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை முளைகள். மேலே இருப்பது வட்டம், கீழே இருப்பது பிறை. சமையலறைக் குப்பைக் கூடையிலிருந்து உடைந்த கோப்பையை எடுத்து வந்து படத்தின் பக்கத்தில் பிடித்தாள். வட்டம். பிறை. அவள் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். ஒரு உடைப்பை இன்னொரு உடைப்போடு ஒப்பிடுவது அவளுக்குத் தொழில்.

படத்தில் பெரியவள் இல்லாத கைப்பிடியைப் பிடித்திருந்தாள். விரல்கள் ஒன்றுமில்லாததைச் சுற்றி மடங்கியிருந்தன. கோப்பை விழவில்லை.

கூடத்தின் ஒரு பக்கம் முழுவதும் திரை. வாங்கிய நாளிலிருந்து வீட்டில் அதற்குச் சுவர் என்றே பெயர். காட்டவும் செய்யும், பார்க்கவும் செய்யும். அதன் சட்டத்தில் வரிசையாகக் கண்கள் பதிந்திருந்தன. பெரியவள் படுக்கையில் விழுந்தபோது கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சுவருக்கு எதிரில் போட்டார்கள். அந்த ஒரு வருடத்தையும் அம்மா பதிவு செய்தாள். மகள் சாப்பிட்டது, தூங்கியது, ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றும் செய்யாமல் இருந்தது. போர்வையின் நூலிழை, கரண்டியில் காய்ந்த மருந்து, உதட்டில் உரிந்த தோல், எல்லாம் அதில் இருந்தன. மகள் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அதுதான்.

சின்ன மகளும் இருந்தாள்.

அத்தனை தெளிவும் இடத்தைத் தின்றது. பழைய டிவியில் ஒரு வருடம் ஓடக்கூடியதைச் சுவர் ஒரு பகலில் விழுங்கியது. கம்பெனியின் கிடங்குக்கு அனுப்பி வைக்கலாம் என்றால் தெருவின் ஒயர் தாங்காது. ஆகவே எல்லாம் மாடிப்படிக்குக் கீழே, அலமாரியில், ஒரு கறுப்புப் பெட்டியில் இருந்தது. அதன் உள்ளே விசிறி சுற்றும் சத்தம் வீட்டின் எந்த மூலையிலும் கேட்கும். போன வாரம் பெட்டி நிறைந்தது. நிறைந்ததும் பழையதிலிருந்து அழிக்கத் தொடங்கியது. பெரியவளைக் கட்டிலில் முதன்முதலாகப் படுக்கவைத்த காலை நேரம் காணாமல் போயிருந்தது.

கேபிள்காரரைக் கூப்பிட்டாள். அவர் அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத் தூசியோடு வெளியே வந்தார்.

“அக்கா, படம் பெருசு, குழாய் சின்னது. சாவி ஓட்டை வழியா யானையை விடச் சொல்றீங்க.”

“புது ஒயர் எப்ப வரும்?”

“வரும் வரும். என் பையன் கல்யாணத்துக்குள்ள வந்துரும்.”

“பையனுக்கு என்ன வயசு?”

“எனக்கே இன்னும் பொண்ணு பாக்கலக்கா.”

அவள் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இடம் மிச்சம் பிடிக்கற வசதி ஒண்ணு இருக்கு. ஒரே பொருள் ரெண்டு படத்துல இருந்தா ஒண்ணை மட்டும் வெச்சுக்கும். ரெண்டு இடத்துலயும் அதையே காட்டும். சந்தேகம் வந்தா உங்களைக் கேக்கும். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல.”

“ரெண்டுல எதை வெச்சுக்கும்?”

“எது தெளிவோ அதை.”

“போட்டுவிடுங்க.”

“ஒண்ணு மட்டும். அது சேக்கும்போது கரண்டைப் பிடுங்கிடாதீங்க. பாதில நின்னா ரெண்டும் போயிரும்.”

“எப்ப சேக்கும்?”

“எப்பவுமேதான். அதுக்கு வேற என்ன வேலை?”

அதனால்தான் கோப்பை. இன்றைய கோப்பை தெளிவாக இருந்தது, பழையதை விட்டுவிட்டது. அவ்வளவுதான். அவள் உடைந்த கோப்பையைத் திரும்பக் குப்பையில் போட்டாள். ஆனாலும் அந்த விரல்களை இன்னொரு முறை பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் சுவர் கேட்டது. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். கீழே எழுத்து வரும். இவை இரண்டும் ஒன்றா? திரைச்சீலையும் திரைச்சீலையும். ஆம். கடிகாரமும் கடிகாரமும். ஆம். ஒவ்வொரு ஆமுக்கும் பெட்டி கொஞ்சம் மூச்சு விட்டது. விசிறியின் சுருதி இறங்குவது அவளுக்குக் கேட்டது. வேறு வேறு தலையணைகள், ஒரே உறை. ஆம். அவள் கணவனும் அவள் கணவனும், ஒருவருக்கு மீசை கறுப்பு, ஒருவருக்கு வெள்ளை. ஆம். அடுத்த நாள் பழைய படத்தில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் பெரியவளுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். இருக்கட்டும். குழந்தை குறையாமல் இருந்தால் போதும்.

சின்னவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. மாடிப்படியில் அவள் இறங்கினால் அலமாரிக் கதவு அதிரும். அக்காவுக்கு நோய் வந்தபோது இருந்த வயது இப்போது அவளுக்கு.

“அம்மா, ஸ்கூல்ல நான் புலி வேஷம். இங்க நடிச்சுக் காட்டறேன், பதிவு பண்றியா?”

“இடம் இல்லடி.”

“எப்பப் பாரு இடம் இல்ல. அக்கா தூங்கறதை ராத்திரி பூரா வெச்சிருக்க. அவ ஒண்ணுமே பண்ணலம்மா. நான் உறுமறேன்.”

“சத்தம் போடாத.”

“உறுமினா சத்தம் வரும்மா. மௌனமா உறுமற புலி பூனை.”

அன்று சாயங்காலம் சுவர் இரண்டு முகங்களைக் காட்டியது. இடப்பக்கம் பெரியவள், ஜன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாக. வலப்பக்கம் வாலு, கட்டிலுக்குப் பின்னால் ஓடும்போது சிக்கியது, பாதி முகம் காற்றில் இழுபட்டுக் கிடந்தது. இவர்கள் இருவரும் ஒருவரா? பக்கத்தில் ஒரு கோடு, எவ்வளவு இடம் காலியாகும் என்று காட்டுவது, இதுவரை இல்லாத நீளத்துக்கு நீண்டிருந்தது.

ஒருவர் இல்லை. அது அவளுக்குத் தெரியும். பெட்டிக்கும் பாதி தெரியும், அதனால்தான் கேட்கிறது. அவள் நின்றபடியே யோசித்தாள். எது தெளிவோ அது. அப்படியானால் பெரியவளுக்கு ஒன்றும் ஆகாது. மாறப்போவது வாலுவின் படங்கள்தான். அவற்றை அவள் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

ஆம் என்றாள்.

விசிறி நின்றுவிட்டது போல ஆயிற்று. அப்படி ஓர் அமைதி. மாடியில் வாலு எதையோ தட்டிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவள் கணவனுக்குக் கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. சாயங்காலம் சுவரில் வருவார். அங்கேயும் லைன் நூல் மாதிரிதான். ஆகவே பேசும்போது சுவர் முழுப் படத்தையும் அனுப்பாது. அசைவதை மட்டும் அனுப்பும். அசையாததைக் கையிருப்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். அவருக்கு என்ன போய்ச் சேருகிறது என்று சுவரின் கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் தெரியும்.

“அப்பா, புலி வேஷத்துல நான் உறுமினேனா, முதல் வரிசைல ஒரு பாப்பா அழுதுடுச்சு!”

“நிஜமாவா? உன்னை வேஷமே இல்லாம பாத்தாலும் அழும்.”

“போப்பா!”

வாலு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, காலுறையைக் கழற்றக் குனிந்து, அதில் ஒரு முடிச்சைக் கண்டு, அதையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் அசையாமல் இருந்தாள்.

சுவரில் கணவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னங்க? லைன் போயிடுச்சா?”

அவருக்குப் பின்னால் கடற்காற்றில் ஒரு சங்கிலி இரும்பில் மோதும் சத்தம் மட்டும் வந்தது. லைன் போகவில்லை. அவள் சின்னச் சதுரத்தைப் பார்த்தாள். அதே கூடம், அதே நாற்காலி, வாலுவின் மஞ்சள் சட்டை. சட்டைக்கு மேலே பெரியவளின் முகம். குனிந்த இமைகள். ஒவ்வொரு முடியும் தனித்தனியாக.

வாலு மூக்கைச் சொறிந்தாள். முகம் கிழிந்து வாலு வந்தாள்.

“அவளை அசையாம உக்காரச் சொல்லு,” என்றார் அவர். “கொஞ்ச நேரம். சும்மா உக்காரச் சொல்லு.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் போய் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி. முன்பு கட்டில் இருந்த இடம் அது.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் வாலு நாற்காலியில். அப்பா சுவரில். அம்மா சின்னச் சதுரத்துக்கு முன்னால் தரையில், கழுத்தை நீட்டியபடி. யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பல மாதங்களுக்குப் பிறகு ஒன்றாகச் செய்த காரியம் அதுதான்.

“நான் என்ன சிலையா? புறா வந்து உக்காரப் போவுது என் தலைல.”

“பேசாதடி. வாய் அசையுது.”

“எவ்வளவு நேரம்மா?”

“இன்னும் கொஞ்சம்.”

“அப்பா என்னைப் பாக்கறாரா, எனக்குப் பின்னாடி யாரையாவது பாக்கறாரா?”

வாலு திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. சுவரில் அப்பா முகத்தைச் சுளித்தார், அசைந்துவிட்டாளே என்று.

சில நாளில் வாலு கேட்பதை நிறுத்தினாள். கூப்பிட்டவுடன் வந்து உட்கார்ந்தாள். கூப்பிடாமலும் உட்கார்ந்தாள். படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அலமாரிக் கதவு அதிரவில்லை. வீட்டில் விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கூடத்தில் ஒரு வாசனை வந்து நின்றது. ஈரத் துண்டு, நெஞ்சில் தடவும் தைலம், காய்ச்சல் உடம்பின் புளிப்பு. கட்டிலைத் தூக்கிப் போட்ட அன்று, தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து அவள் துரத்திய வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஜன்னல் வழியாக அது உள்ளே வந்தது போலிருந்தது.

“அம்மா, பல்லு வலிக்குது.”

வாலுவின் மேல்வரிசையில் பால்பல் விழுந்த இடம் ஒன்று இருந்தது. அம்மா விரலை விட்டுத் தடவினாள். அங்கே ஒரு முனை முளைத்திருந்தது. நேராக அல்ல. மற்றதன் மேல் ஏறி, வெளிப்பக்கம் சாய்ந்து. விரலை எடுத்துவிட்டாள்.

லேபில் வேலை செய்கிறவர்கள் எல்லோர் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. புது மாவு வந்தால் முதலில் சொந்தப் பிள்ளைகளின் வாயில் வைத்து அச்சு எடுத்துப் பார்ப்பார்கள். அவள் மேசைக்கு மேல் தட்டில் பெரியவளின் பல்லச்சு இருந்தது, வாலுவின் பல்லச்சு இருந்தது. மறுநாள் வாலுவின் வாயில் புதிதாக எடுத்த அச்சைக் கொண்டுபோய் நல்ல வெளிச்சத்தில், கடைசல் எந்திரங்கள் இரைகிற நடுப்பகலில், பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் உடைத்து எடுத்தாள். மேல்வரிசை. வாலுவின் பழைய கீழ்வரிசையோடு சேர்த்துப் பார்த்தாள். கடகடவென்று ஆடியது, ஓரிடத்திலும் உட்காரவில்லை.

கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்தாள்.

பிறகு பெரியவளின் கீழ்வரிசையை எடுத்தாள். புது மேல்வரிசையை அதன் மேலே வைத்தாள்.

சத்தமே இல்லாமல் பொருந்தியது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். “நல்ல கடி. தெத்துப்பல்லு ஒண்ணு, அழகா இருக்கு. யாரோடது?”

“என் பொண்ணோடது.”

“எந்தப் பொண்ணு?”

அவள் இரண்டையும் பிரித்துத் துணியில் சுற்றினாள். கைகளில் மாவு உலர்ந்து, தோல் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. வாசலுக்கு வந்து கேபிள்காரருக்குப் போன் செய்தாள்.

“சேத்ததைப் பிரிக்கணும்.”

“எதைக்கா?”

“ஒரு இடத்துல தப்பா ஆமான்னு சொல்லிட்டேன்.”

“எல்லாரும் சொல்றதுதான். எங்க பெரியப்பா நாயையும் கம்பளியையும் ஆமான்னுட்டார். இப்ப பழைய படத்துல பெரியம்மா நாயைப் போத்திக்கிட்டுத் தூங்கறாங்க.”

“பிரிக்க முடியுமா, முடியாதா?”

“எதைக்கா பிரிக்கறது? ஒண்ணுதானே இருக்கு. ரெண்டாவதையும் வெச்சிருந்தா இடம் எங்கிருந்து மிச்சமாகும்?”

“அப்ப அழிச்சுடறேன். தெளிவா இருக்கறதை அழிச்சுட்டா?”

பின்னால் யாரோ ஏணியை நகர்த்தும் சத்தம். “அழிங்க. ஆனா அது ஒண்ணுதான் இருக்குன்னா ரெண்டு பக்கமும் அழியும். பாத்துக்குங்க.”

வீட்டுக்கு வந்ததும் சுவரின் முன் நின்றாள். பெரியவளின் பெயரில் இருந்த ஒரு வருடத்தையும் தேர்ந்தெடுத்தாள். நீக்கு என்றாள். சுவர் கேட்டது. இருப்பது ஒரே பிரதி. எல்லா இடங்களிலிருந்தும் நீக்கவா?

எல்லா இடங்களிலிருந்தும்.

வாலு படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் கன்னத்தை வைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

வேண்டாம் என்றாள் அவள் சுவரிடம்.

அன்று கணவர் வந்தபோது கூடத்தில் அவள் மட்டும் இருந்தாள்.

“இனிமே அவளை உக்காரச் சொல்லாதீங்க.”

“ஏன்?”

“அவ ஓடறதில்லை. சிரிக்கறதில்லை. பல்லு... சின்னவளுக்கு ஏதோ ஆகுதுங்க.”

“நீ ஒரு வருஷம் பக்கத்துலயே இருந்து பாத்த. நான்? ஒரு தடவை வந்து போனதுக்கு மேல எனக்கு லீவு தரலை. எனக்கு அவ அதுக்கப்புறம் என்னிக்குமே சுவர்லதான் இருந்தா. இப்பவும் சுவர்ல இருக்கா. எனக்கு என்ன வித்தியாசம் சொல்லு? அதையும் பிடுங்கிக்கறியா?”

“சின்னவ ஒருத்தி இருக்காங்க.”

“இருக்கட்டுமே. அவ எங்க போயிடப் போறா?”

அவள் சுவரை அணைத்தாள். சுவர் அணைந்தாலும் பெட்டி அணைவதில்லை.

மறுநாளிலிருந்து வாலுவைக் கூடத்தில் உட்காரவிடவில்லை. துரத்தினாள். தண்ணீர் கொண்டு வா, பந்தை எடு, மாடிக்குப் போய் வா. வாலு மூச்சு வாங்க ஏறி இறங்கினாள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, இரண்டு படி தாண்டிக் குதித்தாள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குதிடி, என்றாள். வாலு ஆச்சரியமாகப் பார்த்தாள். குதிக்காதே என்று கேட்டே வளர்ந்த பெண்.

கால்பந்து இறுதி ஆட்டம் அன்று சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் சுவர் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்களில் புல்லின் பச்சை வெளிச்சம்.

“வெளில போய் விளையாடு. நான் கூப்பிடற வரைக்கும் உள்ள வராத.”

வாலு பந்தை எடுத்துக்கொண்டு போனாள். அம்மா துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினாள். கொடியில் துணிகள் விறைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக மடிக்கும்போது தெருவின் அந்தக் கோடியில் ஆரவாரம் எழுந்தது. கோல். முதல் வீட்டில் ஆரம்பித்து, ஒரு மூச்சு கழித்து அடுத்த வீட்டில், அதற்கும் அடுத்ததில், லைன் யாருக்கு எவ்வளவு கிடைத்ததோ அந்த வரிசையில், ஒரே கத்தல் வீடு வீடாக நுழைந்து வெளியேறி அவள் பக்கமாக நடந்து வந்தது. பக்கத்து வீடு வரை வந்தது. நின்றது. அடுத்தது அவள் வீடு, தெருவின் கடைசி. அதில் கத்த யாரும் இல்லை.

அவள் தெருவை எட்டிப் பார்த்தாள்.

தெரு காலி. பந்து மட்டும் சாக்கடை ஓரம் கிடந்தது.

துணியைப் போட்டுவிட்டு இறங்கினாள். பாதிப் படியில் அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. தைலம். புளிப்பு. பெட்டியின் விசிறி இதுவரை கேட்காத சுருதியில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தெரு முழுவதும் லைனை உறிஞ்சிவிட்டது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, உள்ளேயிருந்து எதுவும் போகவில்லை. பெட்டி தன்னிடம் இருந்ததை எடுத்து நிரப்பிக்கொண்டிருந்தது.

சுவர் எரிந்தது. அதில் கணவரின் முகம் பாதிச் சொல்லில் உறைந்து நின்றது. அவர் கூப்பிட்டிருக்கிறார். இவள் மாடியில் இருந்தபோது. குழந்தை உள்ளே வந்திருக்கிறாள்.

நாற்காலியில் இருந்தாள். முதுகு தெரிந்தது. மஞ்சள் சட்டை. கைகள் மடியில்.

“வாலு.”

அசையவில்லை.

“எந்திரிடி. போதும். எந்திரி.”

தெருவின் கோடியில் மறுபடி கத்தல். வீடு வீடாக. நெருங்கி. நெருங்கி.

காதுக்குப் பின்னால் தலைமுடி மெலிந்திருந்தது. மருந்தில் உதிர்ந்த முடி. வாலுவுக்கு அங்கே அடர்த்தி.

கத்தல் பக்கத்து வீட்டில் நின்றது.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். மெதுவாக. சதுரத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை நேராகப் பார்த்தாள்.

இமை முடிகள். தனித்தனியாக.

உதட்டில் உரிந்த தோல்.

“அம்மா,” என்றாள் பெரியவள். “தலகாணியைக் கொஞ்சம் தூக்கி வை.”

அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். எந்த நாள் என்று தெரியும். அதை எத்தனையோ முறை போட்டுக் கேட்டிருக்கிறாள். அடுத்து இருமல் வரும். இருமல் முடிந்ததும் தண்ணீர் கேட்பாள். அடுத்த வாரம் எழுந்து உட்கார முடியாது. அதற்கு அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒரு வருடமும் தெளிவாக இருந்தது. ஒரு நாள் குறையவில்லை. அவள்தான் குறையாமல் வைத்திருந்தாள்.

இருமல் வந்தது.

அலமாரி. பிளக். கை நீட்டினால் எட்டும். பாதியில் நின்றால் இரண்டும் போய்விடும்.

“பேசினா!” சுவரில் அவர் உயிர் பெற்றார். கன்னம் நனைந்திருந்தது. “பேசினா பாத்தியா! நம்ம பொண்ணு பேசறா!”

அவருக்குக் கீழே சின்னச் சதுரம். அதில் கூடம், நாற்காலி, பெரியவள், பக்கத்தில் இவள். நால்வருக்கும் உரிய வீடு மாதிரி அமைதியாக இருந்தது. பின்னால், படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவே, ஏதோ ஓடியது.

திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு காலி.

சதுரத்தில் ஓடியது. முகமில்லை. கைகால் இல்லை. மஞ்சளாக ஒரு கீற்று. படியிலிருந்து வாசலுக்கு. வாசலிலிருந்து படிக்கு. நின்றால் அழிந்துவிடுவோம் என்று தெரிந்தது மாதிரி. நாற்காலியைச் சுற்றியது. இவளைச் சுற்றியது. அம்மாவின் புடவை இருக்கும் இடத்தில் புகுந்து வெளியே வந்தது. புடவை அசையவில்லை. உள்ளிருந்து சுவரின் கண்ணாடியை நோக்கி வந்தது. வர வரக் கலங்கியது. மோதியது. பின்வாங்கி மறுபடி மோதியது. ஒரு குழந்தை கையை நீட்டினால் எட்டும் உயரத்தில். சத்தமே இல்லாமல்.

சதுரத்தின் அடியில் எழுத்து வந்தது. சில பகுதிகள் தெளிவாக இல்லை. சரிசெய்யப்படுகிறது.

“அம்மா,” என்றாள் பெரியவள், நாற்காலியில். “தண்ணி.”

ஒரு சூடான சிறிய கை வந்து அவள் கையைப் பற்றியது. நிஜமான கை. எடை இருந்தது. பிடி இருந்தது. பெரியவளின் பிடி.

அவளால் அதை உதற முடியவில்லை.

சதுரத்தில் அந்தக் கீற்று மோதிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் கொஞ்சம் வெளிறியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பற்றியிருந்த கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்தாள்.